பொல்லா, கேட்டியா? வன்னியில் ஒரு சின்ன வழக்கு நடந்த கதை

"தண்டம் எவ்வளவு ஐயா வரும்?"

நீதிமன்ற விறாந்தையில் அந்த அம்மா, மகனின் சட்டத்தரணியான என்னிடம், அன்று கேட்ட முதல் கேள்வி இதுதான். கைப்பைக்குள் 10,000 ரூபாய் எண்ணி மடித்து வைத்திருந்தார். மகனுக்கு 22 வயது. கத்தாருக்குப் போக ஏஜென்சியில் காசு கட்டியாயிற்று, மெடிக்கல் முடிந்துவிட்டது, பொலிஸ் நற்சான்றிதழ் மட்டும்தான் பாக்கி. "குற்றத்தை ஒத்துக்கொண்டு தண்டத்தைக் கட்டினா இண்டைக்கே முடியுமாம்" என்றார். யார் சொன்னது என்று கேட்டேன். வெளியே தேத்தண்ணிக் கடையில் நின்ற ஒருவராம். அந்த ஒருவர் எல்லா நீதிமன்ற வாசலிலும் நிற்கிறார். அவர் சொல்வது பொய்யில்லை, அன்றைக்கே முடியத்தான் செய்யும். அதற்குப் பிறகு வருவதைத்தான் அவர் சொல்வதில்லை.

இந்த வழக்கைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். ஆட்களை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன், ஊர்ப் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இலங்கையின் வன்னியில், முத்தையன்கட்டுக் குளத்துத் தண்ணீர் பாயும் பக்கத்து வயல் கிராமம் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாசி மாதம், காலபோகம் விளைந்து தலை சாய்ந்து நிற்கிற நேரம். கட்டாக்காலி மாடுகள் வயலுக்குள் இறங்கின. வன்னியில் இது வருடா வருடம் நடக்கிற கதை. போகக் கூட்டத்தில் மாடுகளை எந்தத் திகதிக்கு முன் அகற்ற வேண்டும் என்று தீர்மானிப்பார்கள், கமக்காரர் அமைப்பும் எழுதி வைத்துக்கொள்ளும், மாடுகளுக்குத்தான் அது தெரியாது. வயல்காரர் இரண்டு மாட்டைப் பிடித்துக் கட்டினார். அது அவருடைய உரிமை. 1876 ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. அத்துமீறிய மாட்டைக் கட்டலாம், ஊர் அதிகாரிக்கு அறிவித்து நட்டத்தைக் கேட்கலாம். அறிவிக்கும் முன்பே மாட்டுக்காரரின் மகன், அந்த அம்மாவின் பிள்ளை, வந்துவிட்டான். இனி அவனைத் தம்பி என்றே சொல்கிறேன்.

வாய்த்தர்க்கம், தள்ளுமுள்ளு, பிறகு கையிலிருந்த தடியால் ஓர் அடி. வயல்காரர் வரம்பில் சறுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு வீங்கியது. போகிற போக்கில் தம்பி வயல்காரரின் சைக்கிளை இழுத்துக்கொண்டுபோய் வாய்க்காலுக்குள் தள்ளிவிட்டு மாடுகளை அவிழ்த்துக்கொண்டு போனான். சைக்கிளைப் பின்னாலிருந்து தள்ளியவன் அவனுடைய 11 வயது மருமகன். (அந்தச் சின்னவனைப் பற்றி ஒரு வரியோடு விட்டுவிடலாம். 2018 திருத்தத்துக்குப் பிறகு 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை செய்தது எதுவும் குற்றமாகாது. முன்பு அந்த எல்லை 8 வயது.)

சண்டை மொத்தம் 10 நிமிடம். இனி அது தாளில் எப்படி ஏறியது என்று பாருங்கள்.

பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு எந்தப் புத்தகத்தில் எழுதப்படுகிறது என்பதிலேயே தரம் பிரிவது தொடங்கிவிடும். குற்றப் பிரிவுக்கு ஒரு புத்தகம், சிறு முறைப்பாடுகளுக்கு வேறொரு புத்தகம். பாரிய குற்றங்கள் என்று பொலிஸ் திணைக்களம் வைத்திருக்கிற பட்டியல் ஒன்று உண்டு. கொலை, கொள்ளை, வீடுடைப்பு எல்லாம் அதில் வரும். அதே பட்டியலில் சைக்கிள் களவும் மாட்டுக் களவும் பெறுமதி எதுவானாலும் என்ற சொல்லோடு இருக்கின்றன. முதல் தடவை பார்த்தபோது சிரித்தேன். பிறகு யோசித்தால் சரிதான் என்று பட்டது. வன்னியில் ஒரு குடும்பத்தின் பிழைப்பே ஒரு சைக்கிளிலும் ஒரு பசுவிலும் ஓடிய காலத்தை நானும் கண்டவன். ஆனால் இந்த வழக்கில் அந்தப் பட்டியல் என்ன செய்தது என்றால், வாய்க்காலுக்குள் கிடந்த பழைய லுமாலா சைக்கிளைக் "களவு" ஆக்கிவிட்டது.

ஆக, பொலிஸ் நீதவானுக்குக் கொடுக்கும் முதல் 'பி' அறிக்கையில் இரண்டு குற்றங்கள்: பொல்லால் தாக்கிக் கடுங்காயம் விளைவித்தது, சைக்கிளைக் களவெடுத்தது. தம்பியை மறுநாளே, ஞாயிற்றுக்கிழமை, நீதவானின் வாசஸ்தலத்தில் முற்படுத்தினார்கள். பிடியாணை இல்லாமல் பிடித்தவரைப் பயண நேரம் போக 24 மணித்தியாலத்துக்கு மேல் பொலிஸ் வைத்திருக்க முடியாது என்று குற்றவியல் நடைமுறைச் சட்டக்கோவையின் 37 ஆவது பிரிவு சொல்கிறது. அதனால்தான் ஞாயிறு என்றும் பாராமல் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். எக்ஸ்ரே அறிக்கை வரவில்லை, மணிக்கட்டு முறிந்திருக்கலாம் என்றது பொலிஸ். அடுத்த தவணை வரை விளக்கமறியல். 9 நாள்.

வெளிநாட்டிலிருந்து அழைப்பு வந்தது. கனடாவில் இருக்கும் தாய்மாமன். "இது சின்னக் கேஸா, பெரிய கேஸா? கிறிமினல் ரெக்கோட் விழுமா?" என்றார். அவருக்குப் பதில் சொல்வது லேசாக இருக்கவில்லை, ஏனென்றால் அவர் இருக்கும் நாடும் நாம் இருக்கும் நாடும் குற்றங்களை ஒரே மாதிரிப் பிரிப்பதில்லை. கனடாவில் சுருக்க முறைக் குற்றம் (சின்னது), கடும் முறைக் குற்றம் (பெரியது), இரண்டு விதமாகவும் நடத்தக்கூடிய இரட்டைக் குற்றம் என்று மூன்று பெட்டிகள்.

இலங்கையில் இப்படிப் பெயர் எழுதி ஒட்டிய பெட்டிகள் கிடையாது. 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை ஒவ்வொரு குற்றத்துக்கும் வரைவிலக்கணமும் தண்டனையும் சொல்லும். 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க நடைமுறைச் சட்டக்கோவையின் முதலாம் அட்டவணை ஒவ்வொரு குற்றத்துக்கு எதிரிலும் நிரல் நிரலாக விடை எழுதி வைத்திருக்கும்: பிடியாணை இல்லாமல் கைது செய்யலாமா, பிணை கொடுக்கக்கூடியதா, இரு தரப்பும் இணங்கித் தீர்க்கலாமா, எந்த நீதிமன்றம் விசாரிக்கும். சின்னதா பெரிதா என்ற கேள்விக்கு இங்கே ஒரே பதில் கிடையாது. பிணை விஷயத்தில் சின்னதாக இருப்பது இணக்கத்துக்கு வரும்போது பெரிதாக இருக்கலாம். நீதவான் நீதிமன்றம் பொதுவாக 2 வருடம் வரை சிறை விதிக்கலாம், வேறொரு சட்டம் தனியாகக் கூடச் சொன்னால் தவிர. "நீதவான் கோட்டிலதானே" என்று ஆறுதல்படுவதில் அந்த அளவுக்குத்தான் அர்த்தம் இருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு பக்கக் கதை சொல்லாமல் இருக்க முடியவில்லை. வன்னியில் சின்னக் குற்றம் என்று நினைத்து ஆட்கள் நொந்துபோவது அடிதடியில் இல்லை, மரத்தில். ஒரு உழவு இயந்திரப் பெட்டியில் நாலு பாலை மரக்குற்றி, அனுமதிப் பத்திரம் இல்லை. சாரதி குற்றத்தை ஒத்துக்கொண்டு தண்டத்தைக் கட்டிவிட்டு வெளியே வருகிறான். உள்ளே உழவு இயந்திரம் நிற்கிறது. காட்டுச் சட்டத்தின் 40 ஆவது பிரிவின்படி அது பறிமுதலுக்குரியது. 2009 திருத்தத்துக்குப் பிறகு, இயந்திரம் வேறு ஆளுடையது என்றால், குற்றம் நடக்காமலிருக்கத் தான் எல்லா முன்னெச்சரிக்கையும் எடுத்தேன் என்று அந்த உரிமையாளர்தான் நிரூபிக்க வேண்டும். லீசிங்கில் எடுத்த இயந்திரம், மாதத் தவணை ஓடிக்கொண்டே இருக்கும். "குத்தகைக்குக் கொடுத்தனான், எனக்கொண்டும் தெரியாது" என்றால் போதாது. சாரதி "குற்றவாளி" என்ற அந்த ஒரு சொல்லைச் சொன்னபோது உரிமையாளர் நீதிமன்றத்தில் நின்றிருக்கவே மாட்டார்.

சரி, வழக்குக்கு வருவோம்.

9 ஆம் நாள் சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை வந்தது. முறிவு இல்லை. தசை வீக்கம், தோலில் ஒரு கீறல். "கடுங்காயம் அல்ல." இந்தச் சொற்களுக்குப் பின்னால் சட்டத்தில் பெரிய வேலி இருக்கிறது. தண்டனைச் சட்டக்கோவையின் 311 ஆவது பிரிவு எது கடுங்காயம் என்று பட்டியல் போடுகிறது. எலும்பு, குருத்தெலும்பு, பல் ஆகியவற்றில் வெட்டோ முறிவோ வந்தால் கடுங்காயம். மூட்டு விலகினாலும் பல் இடம்பெயர்ந்தாலும் அதேதான். ஆகவே ஒரு கன்னத்து அறை, பல் ஒன்று ஆடியதால், 7 வருடம் வரை சிறை போகக்கூடிய 316 ஆவது பிரிவுக்குள் விழலாம். சாதாரண காயம், 314 ஆவது பிரிவு, ஒரு வருடம் வரை.

அந்தப் பட்டியலின் கடைசியில் இன்னொன்றும் உண்டு: 20 நாளைக்குக் கடும் வேதனையில் இருந்தாலோ வழமையான வேலையைச் செய்ய முடியாமல் போனாலோ அதுவும் கடுங்காயமே. பொலிஸ் தரப்பு இதைப் பிடிக்கப் பார்த்தது. வயல்காரருக்கு வலது கை, அறுவடைக் காலம், வேலை செய்ய முடியாது என்று. ஆனால் அவர் 8 ஆம் நாளே வயலில் நின்றார். அறுவடை மெசின் வந்த நாள் அது. மெசின்காரனுக்கு வாடகை மணித்தியாலக் கணக்கு, வீங்கிய கையைப் பார்த்துக்கொண்டு யார் வீட்டில் இருப்பார்? சாக்குக் கட்டியதை ஊரே பார்த்தது. பாவம், மனுசன் நேர்மையாகவே ஒத்துக்கொண்டார். "நோத்தான், ஆனா நெல்லை ஆர் அள்ளுறது?"

அடுத்து அந்தத் தடி. அறிக்கையில் "பொல்லு" என்று எழுதப்பட்டிருந்தது. சான்றுப் பொருளாக மன்றில் வைத்தபோது பார்த்தேன். நூலில் கட்டிய மட்டைத் துண்டில் வழக்கு இலக்கம், அதன் கீழே பெருவிரல் தடிப்பில் ஒரு பூவரசங் கேட்டி. பாதித் தோல் உரிந்து, நுனி மாட்டுச் சாணத்தில் தோய்ந்து காய்ந்திருந்தது. மாடு சாய்க்கிற தடி. வன்னியில் பொல்லு (கனத்த தடி) வேறு, கேட்டி (மெல்லிய தடி) வேறு என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சட்டத்துக்கும் அந்த வித்தியாசம் தேவை. 315 ஆவது பிரிவின் ஆபத்தான ஆயுதம் என்பது சுடவோ குத்தவோ வெட்டவோ உதவுவது, அல்லது ஆயுதமாகப் பாவித்தால் மரணம் விளையக்கூடிய பொருள். பொல்லால் மண்டையில் அடித்தால் ஆள் சாகலாம். கேட்டியால் அடித்தால் தழும்பு வரும். முறைப்பாட்டை எழுதியவர் வேண்டுமென்று எழுதியதாக நான் நினைக்கவில்லை. வயல்காரர் ஆத்திரத்தில் "பொல்லால அடிச்சவன் சேர்" என்றிருப்பார், அவரும் அப்படியே எழுதியிருப்பார். ஆனால் அந்த ஒரு சொல்லைக் கழற்ற எனக்கு இரண்டு தவணை எடுத்தது.

சைக்கிள்தான் உண்மையில் சட்டத் தலைவலி. களவு என்றால் நேர்மையற்ற எண்ணத்தோடு ஒருவரின் பொருளை அவர் சம்மதமின்றி நகர்த்துவது. தம்பி சைக்கிளை வைத்துக்கொள்ளவில்லை, விற்கவில்லை, 50 யார் தூரத்தில் எல்லோரும் பார்க்கத் தண்ணீரில் தள்ளினான். அது சேதம் விளைவித்தல், களவு அல்ல என்பது என் வாதம். எதிர்வாதமும் பலவீனமானது அல்ல. நேர்மையற்ற என்ற சொல்லின் வரைவிலக்கணத்தில் தனக்கு முறையற்ற இலாபம் தேடுவது மட்டுமல்ல, மற்றவருக்கு முறையற்ற நட்டம் விளைவிப்பதும் அடங்கும். இந்தக் கோட்டில் ஒரு நீதவான் அப்படியும் போகலாம், இப்படியும் போகலாம். நமது அதிர்ஷ்டம், பொலிஸே இறுதி அறிக்கையில் களவைக் கைவிட்டு 314 உம் சேதம் விளைவித்தலும் மட்டும் போட்டது. தம்பி அதற்கு முன்பே சரீரப் பிணையில் வெளியே வந்துவிட்டான். 1997 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கப் பிணைச் சட்டம் பிணை கொடுப்பதே விதி, மறுப்பது விதிவிலக்கு என்று சொல்கிறது. இரண்டு பிணையாளிகள், ஜீஎஸ்ஸின் (கிராம சேவகரின்) வதிவிடச் சான்றிதழோடு.

அந்த அம்மா 10,000 ரூபாயோடு வந்தது குற்றச்சாட்டு வாசிக்கும் நாளன்றுதான்.

மன்றில் குற்றச்சாட்டு வாசித்து, "குற்றவாளியா, சுற்றவாளியா?" என்று கேட்பார்கள். குற்றவாளி என்று சொன்னால் அந்தச் சொல்லைப் பதிந்து, தீர்ப்பும் தண்டனையும் அந்த இடத்திலேயே. 314 க்கு ஒரு சின்னத் தண்டம் வந்திருக்கும், மிச்சக் காசோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் சட்டத்தின் கண்ணில் தண்டம் கட்டியவனும் தண்டிக்கப்பட்டவனே. ஒத்துக்கொண்ட பிறகு சட்டப் பிரச்சினை தவிர வேறெதற்கும் மேன்முறையீடும் கிடையாது. நற்சான்றிதழ் கேட்டுப் போகும் நாளில் அந்தப் பதிவும் கூடவே வரும்.

சில வருடங்களுக்கு முன் என்னிடம் ஒருவர் வந்தார். கோயில் திருவிழாச் சண்டையில் பிடிபட்டு, 1,500 ரூபாய் தண்டம் கட்டி முடித்தவர். மனைவி கனடாவிலிருந்து ஸ்பொன்சர் செய்திருந்தார். படிவத்தில் எப்போதாவது குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டீர்களா என்ற கேள்வி. கனடாவின் குடிவரவுச் சட்டம் வெளிநாட்டுத் தண்டனையைத் தன் சட்டத்தோடு ஒப்பிட்டே பார்க்கும். அங்கே சாதாரண அடிதடி இரட்டைக் குற்றம். அப்படிப்பட்டதைக் குடிவரவு விஷயத்தில் கடும் முறைக் குற்றமாகவே எடுத்துக்கொள்வார்கள். 1,500 ரூபாய்க்கு வாங்கிய பிரச்சினை அது. தாய்மாமனுக்கு இதைச் சொன்னதும் தொலைபேசியில் கொஞ்ச நேரம் சத்தமே வரவில்லை.

அதனால் அம்மாவிடம், "ஒரு தவணை பொறுங்கோ" என்றேன். அவருக்கு என்னில் நம்பிக்கை வரவில்லை. வழக்கை இழுத்துக் காசு பறிக்கிறேன் என்று நினைத்திருப்பார். நினைத்ததில் பிழையும் இல்லை, அப்படிச் செய்பவர்களும் எங்கள் தொழிலில் இருக்கிறார்கள்.

கையில் இரண்டு வழி இருந்தது. ஒன்று நடைமுறைச் சட்டக்கோவையின் 306 ஆவது பிரிவு. குற்றம் நிரூபிக்கப்பட்டாலும், ஆளின் வயது, நடத்தை, முன்னைய பதிவு, குற்றத்தின் சின்னத்தனம் போன்றவற்றைப் பார்த்து, தண்டனைத் தீர்ப்பு எழுதாமலே நீதவான் எச்சரித்தோ நன்னடத்தைப் பிணைமுறியிலோ விடலாம். இளம் பையன்களுக்கு அருமையான வாசல் இது. கேட்பவர்கள்தான் குறைவு. ஆனால் அதற்கும் முதலில் குற்றம் நிரூபிக்கப்பட வேண்டும் அல்லது ஒத்துக்கொள்ள வேண்டும், பிறகு நீதவானின் விருப்பம்.

மற்றது மத்தியஸ்த சபை. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் அட்டவணையில் சாதாரண காயம் விளைவித்தல் இருக்கிறது. அப்படிப்பட்ட குற்றங்கள் முதலில் சபைக்குப் போய், இணக்கம் வரவில்லை என்ற சான்றிதழோடுதான் நீதிமன்றத்துக்கு வர வேண்டும். களவும் கடுங்காயமுமாகத் தொடங்கிய வழக்கு என்பதால் இந்தப் படியை யாரும் யோசிக்கவில்லை. கோப்பில் சான்றிதழ் இல்லை என்று நான் சொன்னேன். சபைக்குப் போகட்டும் என்று நீதவான் தவணை கொடுத்தார்.

சபை ஒரு பாடசாலை வகுப்பறையில், சனிக்கிழமை. சட்டத்தரணிகளுக்கு அங்கே இடமில்லை. நான் வெளியே வேப்பமரத்தின் கீழ் மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு நின்றேன். ஒரு தரப்பு ஒரு மத்தியஸ்தரைத் தெரிவு செய்யும், மற்றத் தரப்பு இன்னொருவரை, அந்த இருவரும் சேர்ந்து மூன்றாமவரை. உள்ளே பேசியதை நீதிமன்றத்தில் சாட்சியமாக்க முடியாது என்பதால் ஆட்கள் கொஞ்சம் மனம் திறப்பார்கள். வெளியில் கேட்ட அளவில், முதல் ஒரு மணித்தியாலம் அடியைப் பற்றி யாரும் பேசவில்லை. மூன்று வருடமாக மாடு வந்ததும், போன வருடம் வேலி வெட்டியதும், ஒரு கலியாண வீட்டுக்குச் சொல்லாமல் விட்டதும்தான். மத்தியஸ்தர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற அதிபர். "சரி, இப்ப 2 பரப்பு நெல் போச்சு, சைக்கிள் போச்சு. கணக்கைச் சொல்லுங்கோ" என்றதும் பேச்சு இறங்கியது.

இரண்டாவது அமர்வில் முடிந்தது. நாலு மூட்டை நெல், சைக்கிள் திருத்தச் செலவு, தம்பி நேரே மன்னிப்புக் கேட்பது. மன்னிப்புக் கேட்கும்போது தம்பி "பெரியப்பா" என்றானாம். ஊரில் எல்லோரும் ஒரு வழியில் சொந்தம்தான், சண்டைக்கு மட்டும் மறந்துபோகும். இணக்கச் சான்றிதழ் மன்றுக்கு வந்தது. காயப்பட்டவரே இணங்குவதாகச் சொல்ல, நடைமுறைச் சட்டக்கோவையின் 266 ஆவது பிரிவின் கீழ் வழக்கு முடிந்தது. இணங்கித் தீர்த்த குற்றத்துக்கு விடுதலைத் தீர்ப்பின் பலன் உண்டு. தம்பி குற்றவாளி என்ற சொல்லை எந்த நாளிலும் சொல்லவில்லை. விமானம் மட்டும் நாலு மாதம் பிந்தியது, ஏஜென்சிக்காரர் அதற்கும் ஒரு தொகை பிடித்துக்கொண்டார். விளக்கமறியலில் கிடந்த 9 நாளைத் திருப்பிக் கொடுக்க யாராலும் முடியாது. பொல்லு என்று எழுதாமல் கேட்டி என்று எழுதியிருந்தால் அந்த 9 நாள் வந்திருக்குமா என்று இப்போதும் யோசிப்பதுண்டு.

கடைசியில் சைக்கிள். சான்றுப் பொருள் என்பதால் வழக்கு முடியும் வரை களஞ்சியத்தில் கிடந்தது. விடுவிக்கும் கட்டளை வாங்கி, வயல்காரரைக் கூட்டிக்கொண்டு போனேன். செயின் துருப்பிடித்து இறுகியிருந்தது, சில்லுக்குள் வாய்க்கால் சேறு காய்ந்து கட்டி கட்டியாக. அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"மணியைக் காணேல்ல" என்றார்.

பொருட்பட்டியலை எடுத்துப் பார்த்தேன். மணி என்று அதில் எங்கும் இல்லை. எழுதித் தரச் சொல்லிக் கேட்கட்டுமா என்றேன். அவசரமாகக் கையைப் பிடித்துக்கொண்டார், அந்த வலது கையால்தான்.

"ஐயோ வேண்டாம் தம்பி. அது வாய்க்காலுக்க விழுந்திருக்கும். நீங்க கேட்டா, களவு எண்டு எழுதிப்போடுவினம்."